பெரியவடகம்பட்டி மாரியப்பன் சென்ற வழி

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிக் கரையிற் கிடக்கும் நமது தம்மம்பட்டி மரச் சிற்பத்தாற் பெயர் பெற்ற ஊர் என்பதை நம் அன்பர்க்கு யாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. இங்குள்ள பட்டறைகளில் வாகை மரத்தை உளி கொத்தும் ஓசை வைகறையிலேயே எழும். பண்டைத் தமிழ் மறவர் வென்ற பொழுது சூடிய பூவும் வாகைப் பூவே என்று வகுப்பிற் கூறிக்கொண்டிருந்தோம். அப்பொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நம் ஊரில் வாகையை இழைக்கிறவர் பலர் இருக்கிறார்கள், வாகை சூடியவர் யாரேனும் இருக்கிறார்களா?" என்று வினவினான். வினா நன்று. உடனே விடை கூறமாட்டாது சிறிது தயங்கினோம். பின்பு, ஊரை விட்டுச் சேலம் மாவட்டம் முழுவதையும் எல்லையாகக் கொண்டால் ஒருவர் உளர் என்று கூறி, மாரியப்பன் தங்கவேலு என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதினோம். மாணவருட் பெரும்பாலார் அப்பெயரைக் கேட்டிருந்தனர். ரியோ நகரத்திற் பொற்பதக்கம் பெற்றார் என்பதும் அவர்க்குத் தெரிந்திருந்தது. ஆனால் அங்கே அவர் எவ்வழியாற் சென்றார் என்று கேட்டபொழுது வகுப்பு வாய்மூடியிருந்தது. இக்கட்டுரை அன்று பிறந்தது.

இதனை எழுதப்போகின்றோம் என்று நம் சங்கத்து அன்பர் சிலரிடம் கூறினோம். அவருள் இருவர் முதலிற் கேட்ட கேள்வி, "அவர் நம்மவரா?" என்பது. நம் மாசிகையிற் புகழத் தக்கவர் எவராயினும் முதலிற் கேட்கப்படும் கேள்வி அதுவே ஆதலின், அவர்மீது யாம் வருந்தவில்லை. ஆனால் அதற்கு விடை தேடவும் இல்லை. அவர் பிறந்த ஊருக்கும் நமது ஊருக்கும் தாலூகா வேறாயினும் மாவட்டம் ஒன்று. அங்கே பெய்யாத மழை இங்கும் பெய்வதில்லை. இங்கே கிடையாத கூலி அங்கும் கிடைப்பதில்லை. வேறு உறவு வேண்டுவோர் இவ்விடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ஓமலூருக்கு அப்பால் உள்ள சிற்றூர் பெரியவடகம்பட்டி. அங்கே 1995ஆம் ஆண்டு சூன் மாதம் 28ஆம் நாள் மாரியப்பன் பிறந்தார். உடன்பிறந்தார் பலர். தாயார் சரோஜா அம்மையார் ஒருவரே அக்குடும்பத்தைத் தாங்கினார். கட்டிடங்களிற் செங்கல் சுமந்தும், பிற்காலத்தில் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். நாளொன்றுக்கு 100 ரூபாய் கிடைத்தால் அது நல்ல நாள்.

மாரியப்பனுக்கு ஐந்து வயது நடந்தபொழுது, பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஒன்று அவர்மீது ஏறியது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. உயிர் தப்பியது, கால் பின்பு வளர்ச்சி பெறவில்லை. மருத்துவச் செலவுக்காகத் தாயார் வாங்கிய கடன் 3 இலட்சம் ரூபாய். நூறு ரூபாய் நாட்கூலியைக் கொண்டு அக்கடனை அளந்து பாருங்கள். ஒரு காசும் உண்ணாமல், ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் 3000 நாட்கள், அஃதாவது எட்டு ஆண்டுக்கு மேல், அதற்கே ஆகும், வட்டி தனி. மகன் உலகப் போட்டிக்குப் புறப்பட்ட 2016ஆம் ஆண்டிலும் அக்கடன் தீர்ந்தபாடில்லை. மாரியப்பன் தாண்டிய உயரங்களை மீட்டரிற் குறிக்கும் செய்தித்தாள்கள் இந்தக் கணக்கையும் பக்கத்திற் குறித்திருக்கலாம்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் தருக. தமிழாசிரியனுக்கு அது விடாத பழக்கம். குதித்தல், பாய்தல், தாண்டுதல் என்னும் மூன்றையும் நாம் ஒன்றாகவே வழங்குகின்றோம். குதித்தல் மேலெழுந்து கீழிறங்குதல். நின்ற இடத்திலும் குதிக்கலாம். பாய்தல் முன்னோக்கி விரைந்து செல்லுதல். தாண்டுதல் என்பதற்கோ இடையில் ஒரு தடை வேண்டும். அதனைக் கடந்து அப்புறம் சேர்தல் வேண்டும். உயரந் தாண்டும் விளையாட்டில் இம்மூன்றும் உண்டு. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னர் ஓட்டம் உண்டு. குறுக்குக் கம்பை நோக்கி ஓடிவரும் சில அடிகளிலேயே வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. ஓட்டம் சிதறினால் எழுச்சி இல்லை. ஒரு காலிற் குறையுடையார்க்கு அவ்வோட்டமே முதற் பகை. நல்ல காலும் நலிந்த காலும் ஒரே அளவாக நிலத்தை மிதிப்பதில்லை. எனவே அவருடைய அடிகளின் கணக்கு வேறு, தாளம் வேறு. பிறர் கற்பிக்கும் முறையை அப்படியே கொள்ளுதல் இயலாது. தம் உடம்புக்கு ஏற்ற ஓட்டத்தைத் தாமே கண்டுபிடித்தல் வேண்டும். மாரியப்பனை ஓட்டக்காரர் என்னாது தாண்டுபவர் என்றே உலகம் சொல்லினும், அவர் முதலில் வென்றது ஓட்டத்தைத்தான் என்பது எமது கருத்து.

பள்ளியிற் படித்த காலத்தில் அவருக்குக் கைப்பந்தாட்டத்தின்மீது விருப்பம். அவ்விளையாட்டில் அவர் எழும்பும் விதத்தைக் கண்ட தேகப்பயிற்சி ஆசிரியர், உயரந் தாண்டிப் பார் என்று கூறினார். இச்செயல் சிறியது போலத் தோன்றும். அரசுப் பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியர் பணி எத்தகையது என்பதை அறிந்த எமக்கு அது சிறியதன்று. ஒரு மைதானம், சில பந்துகள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். இவர்க்கு நடுவே காலை இழுத்து நடக்கும் ஒரு சிறுவன். அவனை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டால் குறை கூறுவார் எவருமில்லை; பரிவு என்றே அதனைப் புகழ்வார்கள். அவ்வாசிரியர் அவனை வரிசையில் நிறுத்தினார். பதினான்கு வயதில், உடற்குறை இல்லாத மாணவரோடு நிகழ்ந்த போட்டியில், மாரியப்பன் இரண்டாவதாக வந்தார். அதன் பின்னரே ஊரார் அவரைத் திரும்பிப் பார்த்தனர்.

அவர் புகுந்த களம் எவ்வாறு தோன்றியது என்பதையும் சிறிது அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்த வீரர்க்கு, இங்கிலாந்து தேசத்தில் ஸ்டோக் மாண்டவில் என்னும் இடத்து மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் சிகிச்சை செய்துவந்தார். அவர் செருமனியிலிருந்து அகதியாக வந்தவர். படுக்கையிற் கிடந்து மடிதலே இவர் விதி என்று பிற மருத்துவர் கைவிட்ட காலத்தில், விளையாட்டையே மருந்தாக அவர் கொடுத்தார். 1948ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் இலண்டனில் ஒலிம்பிக் விழாத் தொடங்கியது. அதே நாளில் அம்மருத்துவமனையில் காயமுற்ற 16 பேர், ஆடவரும் மகளிருமாக, சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினர். அவ்வித்து வளர்ந்து 1960இல் உரோம் நகரத்தில் முதலாம் பாராலிம்பிக் விழா ஆயிற்று. 1968இல் இந்தியா முதன்முறையாக அதிற் கலந்துகொண்டது.

நம் நாட்டுக்கு முதற் பொன்னைத் தந்தவரும் ஒரு போர்வீரரே. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டு பாய்ந்து காயமுற்ற முரளிகாந்த் பேட்கர், 1972இல் செருமனி நாட்டு ஹைடெல்பெர்க் நகரத்தில் 50 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்தார். பின்பு 2004ஆம் ஆண்டு ஏதென்சு நகரத்தில் ஈட்டி எறிந்து பொன் கொண்டவர் இராசத்தானத்துத் தேவேந்திர ஜஜாரியா. முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டு பொற்பதக்கம். ஆறு பேர் வாழும் வீட்டில் ஒரு கிண்ணத்துச் சோறு போல.

உயரந் தாண்டுதலில் வழி திறந்தவர் நம் அண்டை நாடாகிய கன்னட நாட்டவர். 2012ஆம் ஆண்டு இலண்டன் பாராலிம்பிக்கில் கிரீஷா நாகராஜே கவுடா என்பவர் 1.74 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டு இந்தியா முழுமைக்கும் கிடைத்த பதக்கம் அது ஒன்றே. அவருக்குப் பயிற்சி அளித்தவர் பெங்களூரைச் சார்ந்த சத்தியநாராயணா. இப்பெயரை நினைவிற் கொள்க.

கிரீஷா வெள்ளி பெற்ற அந்த 2012ஆம் ஆண்டில் நம் மாரியப்பன் என் செய்துகொண்டிருந்தார்? எமது கட்டுரையின் உயிர் இவ்விடத்தில் இருக்கின்றது. பதக்கம் பெற்றவர் வரலாற்றைக் கூறுவார் எல்லாரும் பள்ளிப் போட்டியிலிருந்து ரியோவுக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றனர். இடையில் 2012 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் உள. அக்காலத்தைப் பற்றி மாரியப்பனே பின்னாளிற் கூறியுள்ளார். தாயாருக்கு உதவும் பொருட்டு, விடியற்காலையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வீடு வீடாகச் செய்தித்தாள் போட்டார். அது முடிந்ததும் கட்டிட வேலைக்குச் சென்றார். நாட்கூலி 200 ரூபாய். பதினேழு வயது முதல் இருபது வயது வரை, ஒரு தாண்டு வீரனின் உடம்பு முறுக்கேற வேண்டிய பருவத்தில், அவருடைய நல்ல காலும் நலிந்த காலும் பிறர் வீட்டுச் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இதனிடையே 2013இல் பெங்களூரில் நிகழ்ந்த தேசிய மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டிக்கு அவர் சென்றார். அங்கே சத்தியநாராயணாவின் கண்ணிற் பட்டார். கண்ணிற் பட்டதனாலேயே காரியம் முடிந்துவிடவில்லை. 2013இற் கண்டார், 2015இல்தான் தம் மாணவராக ஏற்றுப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டார். அவ்விரண்டு ஆண்டுகளும் கூலி வேலை தொடர்ந்தது. அதற்குள் சாரம் சரிந்திருக்கலாம், முதுகு நொந்திருக்கலாம், கடன்காரர் நெருக்கத்தால் வெளியூர் வேலைக்குப் போய்விட்டிருக்கலாம். இவற்றுள் ஒன்று நேர்ந்திருப்பினும் இன்று அவர் பெயரை அறிவார் இலர். நேராதது அவர் நல்லூழ் என்பர் சிலர். ஊழை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வாறு நேர்ந்துவிட்ட எத்துணைப் பிள்ளைகள் நம் தாலூகாவில் இருக்கின்றார்கள் என்று எண்ணுகையில், ஊழ் என்னும் சொல் நமக்கு எளிதிற் கைகொடுப்பதைக் கண்டு நாணுகின்றோம்.

பெங்களூருப் பயிற்சி தொடங்கியபின் காரியம் விரைந்து நடந்தது. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆப்பிரிக்காவின் வடகரையில் உள்ள துனீசியா நாட்டில் நடந்த போட்டியில் அவர் 1.78 மீட்டர் தாண்டினார். ரியோ செல்லுதற்கு வேண்டிய உயரம் 1.60 மீட்டரே. அவ்வாண்டுச் செப்டம்பர் 9ஆம் நாள், நம் நாட்டுக் கணக்கிற் 10ஆம் நாள், பிரேசில் தேசத்து ரியோ தெ சனேரோ நகரத்தில் இறுதிப் போட்டி. முழங்காலைச் சார்ந்து குறையுடையார்க்குரிய 42ஆம் பிரிவு அது. அமெரிக்க இளைஞர் சாம் கிரூவும், நம் நாட்டு வருண் சிங் பாட்டியும் 1.86 மீட்டரோடு நின்றனர். மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டினார். மாரியப்பனுக்குப் பொன், கிரூவுக்கு வெள்ளி, பாட்டிக்கு வெண்கலம். பாராலிம்பிக்கிற் பொன் பெற்ற இந்தியருள் இவர் மூன்றாமவர், தமிழருள் முதல்வர்.

1.89 மீட்டர் என்பது நம் பழைய கணக்கில் ஆறடி இரண்டங்குலத்திற்குச் சற்று மேல். வகுப்பில் மாணவர்க்கு விளங்கும் பொருட்டு, சுவரிற் சுண்ணக்கட்டியால் அவ்வுயரத்தைக் குறித்தோம். வகுப்பிலேயே நெடிய பையன் வந்து நின்றான்; கோடு அவன் தலைக்கு மேல் ஒரு சாணுக்கும் உயரமாக இருந்தது. யாம் நின்று பார்த்தோம், எமக்கும் எட்டவில்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளின் நிலைவாசல் பலவற்றில் அவ்வுயரம் இராது. குனிந்து நுழையும் வாசலின் மேற்கட்டையை ஒருவர் மேலே தாண்டிச் செல்வதாக எண்ணிக்கொண்டால் பிள்ளைகட்குப் புரிகின்றது.

தமிழ்நாட்டு அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. 2017இல் பத்மஸ்ரீ, அருச்சுனா விருதுகளும், 2020இல் கேல் ரத்னா விருதும் கிடைத்தன. இப்பெருமைகளை விரித்து எழுதுதற்கு நம் மாசிகையில் இடம் போதாது. செய்தித்தாள்கள் அதனை நிறையச் செய்துவிட்டன. அதன் பிறகு நடந்தவற்றையே யாம் கூற விரும்புகின்றோம். ஏனெனில் ஒருமுறை வென்றவன் தன் இடத்தைக் காத்துக்கொள்வது முதல் வெற்றியினும் அரிது. 2019இல் துபாய் நகரத்து உலகப் போட்டியில் அவர் 1.80 மீட்டர் தாண்டி மூன்றாமிடமே பெற்றார். ஆயினும் டோக்கியோவுக்குத் தகுதி பெற்றார்.

டோக்கியோ விழா கொள்ளை நோயால் ஓராண்டு தள்ளி 2021இல் நடந்தது. தொடக்க நாளில் இந்திய நாட்டுக் கொடியை ஏந்திச் செல்லும் சிறப்பு மாரியப்பனுக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆனால் விமானப் பயணத்தில் நோயுற்ற ஒருவர்க்கு அருகில் இருந்தமையால் அவரைத் தனிமைப்படுத்திவிட்டனர். கொடியைத் தேக் சந்து என்னும் வீரர் ஏந்தினார். போட்டி நாளாகிய ஆகஸ்டு 31இல் மழை. நலிந்த வலக்காலில் அணிந்திருந்த காலுறை நனைந்து கனத்தது. எழும்புவது கடினமாயிற்று என்று அவரே பின்பு உரைத்தார். இறுதியில் அவரும் கிரூவும் 1.86 மீட்டரில் நின்றனர். 1.88 மீட்டருக்குக் கம்பு உயர்த்தப்பட்டது. மாரியப்பன் மும்முறையும் தவறினார். கிரூ மூன்றாம் முறையில் தாண்டிவிட்டார். ரியோவில் வென்ற இடத்தை ஒரு காலுறையின் ஈரம் மாற்றியது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் கிரூவும் அதே மழையில்தான் தாண்டினார் என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. மூன்றாமிடம் பீகார் மாநிலத்துச் சரத் குமாருக்கு.

அந்த டோக்கியோ நகரத்திலேயே 1958ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்துத் தமிழராகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரந் தாண்டிப் பொன் பெற்றார். ஆசிய விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொன் அது. ஒரே நகரம், ஒரே விளையாட்டு, இரு தமிழர், இடையே அறுபத்துமூன்று ஆண்டு. இவ்விருவரையும் சேர்த்துக் கூறும் பாடம் எதனையும் நம் பாடப் புத்தகங்களில் யாம் கண்டிலோம்.

2024ஆம் ஆண்டு சப்பானிய நகரமாகிய கோபேயில் நடந்த உலகப் போட்டியில் மாரியப்பன் 1.88 மீட்டர் தாண்டி மீண்டும் பொன் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பாரீசு நகரத்தில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். அமெரிக்கர் எஸ்ரா பிரெச்சு 1.94 மீட்டர் தாண்டி முதலிடமும், சரத் குமார் 1.88 மீட்டர் தாண்டி இரண்டாமிடமும் கொண்டனர். பொன், வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிவருவதைக் கண்டு, வீழ்ச்சி என்று எம்மிடம் ஒருவர் கூறினார். அவ்வாறு கூறுவோர் எண்களைப் பார்க்கவில்லை. 1.89, 1.86, 1.85. எட்டு ஆண்டுகளில் அவர் இழந்தது நாலு சென்டிமீட்டர், ஒரு பெருவிரலின் நீளமும் அன்று. அவர் தாழவில்லை, உலகம் உயர்ந்தது. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதே பாரீசில் நம் தமிழ்நாட்டுப் பெண்மக்கள் துளசிமதி முருகேசனும், மனிஷா ராமதாசும், ஓசூர் நித்யஸ்ரீ சிவனும் இறகுப்பந்தாட்டத்திற் பதக்கம் பெற்றனர். பெண்பிள்ளைகளை, அதிலும் உடற்குறையுடைய பெண்பிள்ளைகளை, வீட்டின் பின்கட்டில் வைத்துக் காப்பதே அன்பு என்று எண்ணும் தாய்மார் நம் குடும்பங்களிலும் உளர் ஆதலின் இதனைக் குறித்தோம்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசு மாரியப்பனுக்குக் கரூர்ப் பக்கத்து அரசுக் காகித ஆலையில் அதிகாரப் பதவி வழங்கியது. செய்தித்தாளுக்குக் காகிதம் செய்தற்கென நிறுவப்பட்ட ஆலை அது. விடியலிற் செய்தித்தாள் சுமந்து வீடு வீடாக நடந்த கால்கள் அங்கே சென்று சேர்ந்தன.

இனி எம்மைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கூறாது முடித்தால் மேலே எழுதியவற்றை எழுதும் உரிமை எமக்கில்லை. 2009ஆம் ஆண்டளவில் யாம் வேறோர் ஊரிற் பணியாற்றினோம். தேகப்பயிற்சி ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால், விளையாட்டு வகுப்பையும் சில மாதம் யாமே பார்த்துக்கொண்டோம். இளமையிற் கண்ட நோயால் ஒரு கால் சூம்பிய மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தான். ஓட்டப் பந்தயத்துக்கு மாணவரை வரிசைப்படுத்தியபொழுது அவனும் வந்து நின்றான். யாம் அவன் தோளைத் தொட்டு, "நீ வேண்டாம் தம்பி, அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்" என்றோம். அன்பாகவே சொன்னோம். அவனும் மறுவார்த்தை பேசாது சென்று உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுதும் விளையாட்டு வகுப்பு வந்தவுடன், யாம் சொல்லாமலே, அவன் மரத்தடிக்குப் போய்விடுவான். ஏறத்தாழ அதே ஆண்டில்தான், ஓமலூருக்கு அப்பால் இன்னொரு பள்ளியில் இன்னொரு சிறுவன் வரிசையில் நிறுத்தப்பட்டு, பிறரோடு தாண்டி இரண்டாமிடம் பெற்றான். மாரியப்பனின் பிறந்த ஆண்டைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தபொழுது இது எமக்கு வெளிப்பட்டது. அன்றிரவு யாம் உறங்கவில்லை.

அச்சிறுவன் ஓடியிருந்தால் வென்றிருப்பான் என்று யாம் சொல்லவில்லை. ஓடிப் பார்க்கவே விடவில்லை என்பதுதான் குற்றம்.

நம் சங்கத்துக் கல்வி நிதியைப் பற்றியும் இங்கே ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியலைக் கண்டு மாணவர்க்கு உதவுகின்றோம், அது தொடர்க. ஆனால் பள்ளியை விட்டு வெளியேறிய பின், பயிற்சியாளர் ஒருவர் கைப்பற்றும் வரை உள்ள அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில், விளையாட்டில் ஆற்றலுடைய பிள்ளைக்கு எந்தப் பட்டியல் உண்டு? அவனுக்கு வேண்டுவன பெரியன அல்ல. போட்டி நடக்கும் ஊருக்குப் பேருந்துக் கட்டணம், ஒரு சோடி காலணி, நாளும் முட்டையும் பாலும், கூலிக்குப் போகாத நாட்களுக்கு வீட்டில் ஒரு சிறு ஈடு. ஒருவனுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு, நம் ஆண்டு விழாவில் பந்தலுக்கும் மாலைக்கும் ஆகும் செலவினும் மிகாது என்பதை யாம் பொருளாளரோடு அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். அவர் கணக்கை மறுக்கவில்லை. "வழக்கம் இல்லையே" என்றார். வரும் பொதுக்குழுவில் இதனை யாம் எழுப்புவோம். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முன்கூட்டியே எண்ணி வருக.

இக்கட்டுரையை முடிக்குமுன் அம்மாணவனைத் தேடிச் சென்றோம். இப்பொழுது அவன் நம் தம்மம்பட்டியிலேயே ஒரு சிற்பப் பட்டறையில் வேலை செய்கின்றான் என்று கேள்விப்பட்டிருந்தோம். திருமணமாகிப் பெண்குழந்தை ஒன்றும் உண்டு. யாம் சென்றபொழுது ஒரு தேர்க்குதிரையின் முன்னங்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தான். எழுந்து, "வாங்க ஐயா" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டான். வேப்பமரத்தடியைப் பற்றி யாம் பேச்செடுத்தோம். அவனுக்கு அது நினைவிருந்தது. "அதுக்கென்னங்க ஐயா, சின்ன வயசு" என்று சொல்லி உளியைத் துடைத்தான். பின்பு மாரியப்பன் தாண்டிய உயரத்தைச் சொன்னோம். அவன் அளவுநாடாவை எடுத்து, சுவரோரம் நிறுத்தியிருந்த வாகைப் பலகை ஒன்றின்மேல் அளந்து, கரியால் ஒரு கோடு கிழித்தான். பலகையை நிமிர்த்தி வைத்துச் சற்றுப் பின்னே சென்று நின்று பார்த்தான்.

"எந்தக் காலை ஊன்றி எழும்புவாருங்க ஐயா?" என்று கேட்டான்.

இடக்காலை என்றோம். அவனுக்கும் நல்ல கால் அதுவே.